ஹெட்லைட் மஞ்சளாயிருச்சா? பாலிஷோட நிறுத்திராதீங்க

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி, அப்பா வண்டி ஓட்டிட்டு வந்தாரு, நான் பக்கத்து சீட்ல. தெருவிளக்கே இல்லாத ரோடு. திடீர்னு வேகத்தக் கொறச்சு, கண்ண இடுக்கிக்கிட்டு, "ஹை பீம் போட்ருக்கேனா பாருடா"ன்னு கேட்டாரு. டேஷ்போர்டுல நீல லைட் எரிஞ்சுகிட்டுதான் இருந்துச்சு. "போட்ருக்குப்பா"ன்னேன். ஒண்ணும் சொல்லல. கொஞ்ச தூரம் போனப்புறம் அவராவே, "எனக்குக் கண்ணு மங்கிருச்சு போல, இனிமே ராத்திரில நீயே ஓட்டிரு"ன்னாரு. முப்பது வருஷமா வண்டி ஓட்டுறவரு, ராத்திரிப் பயணம்னா அவருக்கு அவ்வளவு பிடிக்கும், அவரு வாயில இருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தது எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு.

கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். புரை இல்ல, பெருசா ஒண்ணுமில்ல, கண்ணாடி பவர மட்டும் லேசா மாத்தி அனுப்பிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் வண்டிய கழுவும்போதுதான் ஹெட்லைட்ட நின்னு நிதானமா பாத்தேன். தெனமும் பாக்குற பொருள்ல வர்ற மாற்றம் நம்ம கண்ணுல படவே படாது. வலது பக்கம் பழைய நெய் உறைஞ்சு போன மாதிரி மஞ்சள், உள்ள இருக்குற பல்ப் கூட சரியா தெரியல. இடது பக்கம் அந்த அளவுக்கு இல்ல, ஆனா மேல் பாதி பூரா மங்கல். ஏன் ஒரு பக்கம் மட்டும் இவ்ளோ மோசம்னு யோசிச்சா, நாங்க வண்டி நிறுத்துற எடத்துல சாயங்கால வெயில் நேரா வலது லைட்டு மேலதான் விழுது. பல வருஷமா தெனம் அதே வெயில்.

அன்னைக்கு ராத்திரியே செவுத்துக்கு முன்னாடி வண்டிய நிறுத்தி லோ பீம் போட்டுப் பாத்தேன். நல்ல ஹெட்லைட்ல செவுத்துல வெளிச்சத்துக்கு மேல ஒரு கோடு வெட்டுன மாதிரி தெரியணும், அந்தக் கோட்டுக்குக் கீழ வெளிச்சம், மேல இருட்டு. எங்க வண்டில கோடே இல்ல, ஒரு மஞ்ச மூட்டம் மட்டும் செவுரு பூரா பரவிக் கெடந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, மங்கலான லென்ஸ் வெளிச்சத்தக் கொறைக்கிறது மட்டுமில்ல, மிச்சம் இருக்குறதையும் செதறடிக்குது, ரோட்டுல விழ வேண்டியது மேல போயி எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்குது. நமக்கும் தெரியாது, அவங்களுக்கும் கூசும். அமெரிக்காவுல ஏஏஏங்கிற வாகன ஓட்டிகள் அமைப்பு 2018ல இத அளந்து பாத்தாங்க, ரொம்ப மோசமா மஞ்சளான ஹெட்லைட் புதுசு தர்ற வெளிச்சத்துல 20 சதவீதம்தான் தந்துச்சு, அதையே தேச்சு சரி பண்ணதும் 70 சதவீதம் வரைக்கும் திரும்பி வந்துச்சு. அப்பா கண்ணு மேல பழி போட்டுட்டு இருந்தோம், ஆனா தப்பு பூரா அந்த பிளாஸ்டிக்லதான்.

பிளாஸ்டிக்னு சொன்னேன்ல, அது பாலிகார்பனேட். பழைய வண்டிகள்ல எல்லாம் கண்ணாடிதான் இருக்கும், கல்லு பட்டா ஒடையும், ஆனா எத்தன வருஷமானாலும் மஞ்சளாகாது. அமெரிக்காவுல பிளாஸ்டிக் ஹெட்லைட்டுக்கு எடம் குடுக்குற மாதிரி 1983ல விதிய மாத்துனாங்க, 1984 மாடல் லிங்கன் மார்க் செவன்ல இந்தப் புது மாதிரி ஹெட்லைட் அங்க மொதல்ல வந்துச்சு, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லா வண்டியும் பிளாஸ்டிக்குக்கு மாறிருச்சு. காரணம் இருக்கு, எடை கம்மி, எந்த வளைவுக்கு வேணாலும் வார்க்கலாம், சுத்தியலால தட்டுனாலும் சட்டுனு ஒடையாது. ஆனா ரெண்டு குறை. ஒண்ணு, ரொம்ப மெத்துனு இருக்கும், சீக்கிரம் கீறல் விழும். இன்னொண்ணு, வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் பட்டா அதோட மூலக்கூறு பிணைப்பு அறுந்து மஞ்சளாகும். அதனாலதான் தயாரிக்கும்போதே மேல ஒரு கெட்டியான கோட்டிங் போட்டு அனுப்புறாங்க, தலைமுடியோட தடிமன விட பல மடங்கு மெலிசு அது. வருஷக் கணக்கா வெயில், மணல், பூச்சி, கார் வாஷ்ல போடுற காரமான சோப்பு எல்லாம் சேந்து அந்தக் கோட்டிங்க உரிச்சிருது, அது அங்கங்க விட்டுப் போனதும் கீழ இருக்குற பிளாஸ்டிக்குக்கு பாதுகாப்பே இல்ல. நம்ம பாக்குற மஞ்சள்ல ஒரு பகுதி செத்துப் போன கோட்டிங், ஒரு பகுதி வெந்து போன பிளாஸ்டிக்.

இது எதுவும் மொதல்ல எனக்குத் தெரியாது. எல்லாரும் சொல்ற மாதிரி டூத்பேஸ்ட்ல ஆரம்பிச்சேன். துணில வச்சு அரை மணி நேரம் தேச்சேன், கொஞ்சம் தெளிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, மூணு வாரத்துல பழையபடி ஆயிருச்சு. டூத்பேஸ்ட்ல ரொம்ப நைசான தேய்ப்புப் பொடி இருக்கு, அது மேல் மேல இருக்குறத மட்டும் கொஞ்சம் எடுக்கும், அவ்ளோதான் அதால முடியும். உடம்புல அடிச்சுக்கிற கொசு விரட்டி ஸ்ப்ரே அடிச்சா பளிச்சுனு ஆயிரும்னு வீடியோ எல்லாம் சுத்துது, அத தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அதுல பலதுலயும் இருக்குற டீட்ங்கிற ரசாயனம் பிளாஸ்டிக்க கரைக்கும், மேல்பரப்பு எளகி வழுவழுன்னு ஆகுறதுதான் நமக்குப் பளபளப்பா தெரியுது, அதே சொட்டு பக்கத்துல பெயிண்ட் மேல பட்டா பெயிண்டும் போச்சு. தின்னர், அசிட்டோன், பெட்ரோல் இதுவும் அப்படித்தான், பாலிகார்பனேட் மேல பட்டா உள்ளுக்குள்ள சின்னச் சின்ன விரிசல் விட்ரும், அந்த விரிசல எதாலயும் எடுக்க முடியாது.

அடுத்தது ஒரு கிட் வாங்குனேன். வாட்டர் பேப்பர் (தண்ணி போட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்), காம்பவுண்ட் (பாலிஷ் பண்ற பசை) எல்லாம் சேத்து வர்ற பாக்கெட். ஒரு ஞாயித்துக்கெழம பூரா உக்காந்து தேச்சேன், கண்ணாடி மாதிரி வந்துச்சு, அவ்ளோ சந்தோஷம், போட்டோ எடுத்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்புனேன். நாலே மாசம். நாலு மாசத்துல முன்ன இருந்தத விட வேகமா மஞ்சள் ஏற ஆரம்பிச்சிருச்சு. அப்பதான் உக்காந்து படிச்சேன், அப்பதான் புரிஞ்சுது. நான் தேச்சதுல மிச்சம் மீதி இருந்த கம்பெனி கோட்டிங்கும் பெரும்பாலும் போயிருச்சு, வெறும் பிளாஸ்டிக்க பளபளன்னு ஆக்கி நேரா வெயில்ல நிறுத்திருக்கேன், அது மஞ்சளாகாம என்ன பண்ணும்? தேய்க்கிறதும் பாலிஷ் போடுறதும் பாதி வேலதான். அதுக்கு மேல புற ஊதாக் கதிரத் தடுக்குற புது கோட்டிங் ஒண்ணு போட்டாதான் ரிப்பேர் முடிஞ்சதா அர்த்தம். அந்தக் கடைசி பத்து நிமிஷ வேலைய விட்டுட்டா முன்னாடி பண்ண மூணு மணி நேரமும் வீண். இத யாராவது எனக்கு மொதல்லயே சொல்லிருக்கலாமேன்னு ஆதங்கமா இருந்துச்சு, இந்தப் பதிவ எழுதுறதே அதுக்குத்தான்.

சரி, ரெண்டாவது தடவ எப்படிப் பண்ணேன்னு சொல்றேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. லென்ஸ நல்லா கழுவிட்டு அது மேல தண்ணிய ஊத்திப் பாருங்க. ஈரமா இருக்கும்போது தெளிவாத் தெரிஞ்சு, காஞ்சதும் மறுபடி மங்கலாச்சுன்னா கோளாறு வெளிப்பக்கம்தான், வீட்லயே சரி பண்ணிரலாம். தண்ணி ஊத்தியும் மங்கலாவே இருந்தா ரெண்டுல ஒண்ணு, மஞ்சள் ரொம்ப ஆழமா இறங்கிருக்கு, இல்ல உள்பக்கம் ஆவியோ தூசியோ படிஞ்சிருக்கு. உள்பக்கம்னா வெளிய எவ்ளோ தேச்சாலும் பிரயோஜனமில்ல. பல பேருக்கு பல்ப் மாத்துனப்ப பின்னாடி ரப்பர் மூடிய சரியா போடாம விட்டதுதான் காரணமா இருக்கும், அத மொதல்ல பாருங்க. லென்ஸுக்குள்ளயே சிலந்தி வலை மாதிரி மெல்லிசா கோடு கோடா விரிசல் தெரிஞ்சா, அது தேச்சும் போகாது, லைட்டையே மாத்துறதுதான் வழி.

அப்புறம் மாஸ்க்கிங் டேப். லைட்ட சுத்தி பானட், பம்பர், ஃபெண்டர் எல்லா ஓரத்துலயும் ரெண்டு சுத்து ஒட்டுங்க. மொதல் தடவ நான் ஒரு சுத்துதான் ஒட்டுனேன், தேய்க்கிற வேகத்துல டேப் கிழிஞ்சு வாட்டர் பேப்பர் பம்பர் ஓரத்துல பட்டுருச்சு, அந்தக் கீறல் இன்னும் அப்படியே இருக்கு. நிழல்ல நிறுத்தி, லென்ஸ் சில்லுனு இருக்கும்போது ஆரம்பிக்கணும்.

வாட்டர் பேப்பர்ல நம்பர் கொறையக் கொறைய சொரசொரப்பு ஜாஸ்தி. பெரும்பாலான ஆளுங்க பயந்து போயி 2000 நம்பர் பேப்பர்ல ஆரம்பிக்கிறாங்க, கீறல் விழுந்துருமோன்னு. அதுல அந்தப் பழைய கோட்டிங் அசையவே அசையாது. நான் 600ல ஆரம்பிச்சேன். பக்கெட் தண்ணில ரெண்டு சொட்டு ஷாம்பூ, வாட்டர் பேப்பர அதுல பத்து நிமிஷம் ஊற வச்சு, ஒரு ஸ்பாஞ்ச் துண்டுல சுத்திப் பிடிச்சு, வெறும் விரலால அழுத்துனா விரல் படுற எடம் மட்டும் பள்ளமாயிரும் அதனால ஸ்பாஞ்ச் முக்கியம், இடது வலதா நேர்கோட்டுல தேய்க்கணும், இன்னொரு கைல ஸ்ப்ரே பாட்டில வச்சு தண்ணி அடிச்சுகிட்டே இருக்கணும். மொதல்ல வழியிற தண்ணி மஞ்சளா, சில எடத்துல பழுப்பா வரும். அத பாக்கும்போது இவ்ளோ அழுக்கையா வச்சு ஓட்டுனோம்னு இருக்கும். தேச்சுகிட்டே இருந்தா ஒரு கட்டத்துல தண்ணி பால் மாதிரி வெள்ளையா மாறும். அந்த வெள்ளைதான் அடையாளம், கோட்டிங் போயிருச்சு, இப்ப சுத்தமான பிளாஸ்டிக் வந்துருச்சுன்னு அர்த்தம்.

வலது லைட்டோட மேல் ஓரத்துல மட்டும் 600 கேக்கல. தொடச்சுக் காய வச்சுப் பாத்தா கடல்ல தீவு மாதிரி பழைய கோட்டிங் திட்டுத் திட்டா நின்னுச்சு. அந்த எடத்துக்கு மட்டும் 400க்கு இறங்கி எடுத்துட்டு மறுபடி 600 போட்டேன். இந்தத் தீவ விட்டுட்டு மேல போயிராதீங்க, கடைசில பாலிஷ் போட்டதும் அந்தத் திட்டோட கரை எல்லாம் அப்படியே துல்லியமா தெரியும், திரும்ப மொதல்ல இருந்து வரணும்.

இந்த எடத்துல லென்ஸ் பூரா பூப்போட்ட பாத்ரூம் கண்ணாடி மாதிரி வெள்ளையா, ஒண்ணுமே தெரியாம இருக்கும். மொதல் தடவ பண்றவங்களுக்கு வயித்த கலக்கும். அம்மா வெளிய வந்து பாத்துட்டு "இருந்ததையும் கெடுத்துட்டியேடா"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லாம ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிச்சுக் காட்டுனேன், அடிச்ச எடம் மட்டும் பளிங்கு மாதிரி தெரிஞ்சுது, அவங்களுக்கே ஆச்சரியம். கீறல்ல தண்ணி நெரம்புனதும் வெளிச்சம் செதறாம நேரா போகுது, அதான் விஷயம். கடைசில நம்ம போடப் போற கோட்டிங்கும் இதே வேலையத்தான் ரொம்ப நாளைக்கு செய்யப் போகுது.

அடுத்தடுத்து 1000, 1500, 2000, 3000. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கிற திசைய மாத்துங்க, 600 இடது வலதுன்னா 1000 மேல கீழ, மறுபடி 1500 இடது வலது. அப்படிப் பண்ணா முந்தின பேப்பரோட கோடு மிச்சம் இருந்தா குறுக்க பளிச்சுனு தெரியும், அது மறையுற வரைக்கும் அடுத்ததுக்குப் போகக் கூடாது. நம்பர் மாத்தும்போது லென்ஸையும் ஸ்பாஞ்சையும் கழுவுங்க, தண்ணியையும் மாத்துங்க, பழைய பேப்பர்ல இருந்து ஒரே ஒரு துகள் தங்கிட்டாலும் 3000ல போயி ஒரு ஆழமான கீறல் போட்டுரும். ட்ரில்ல பேட் மாட்டிப் பண்ணா சீக்கிரம் முடியும்தான், ஆனா ஒரே எடத்துல நிறுத்துனா சூட்டுல பிளாஸ்டிக் எளகி மேகம் மாதிரி ஒரு கறை விழும். பொறுமை இருந்தா கையே போதும்னு நான் சொல்லுவேன். ஒரு லைட்டுக்கு எனக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு, தோள்பட்டை ரெண்டு நாள் வலிச்சுது.

3000 முடிஞ்சதும் காம்பவுண்ட் போட்டு மைக்ரோஃபைபர் துணியால வட்ட வட்டமா தேச்சா தெளிஞ்சிரும். பாத்துகிட்டே இருக்கும்போது உள்ள இருக்குற ரிஃப்ளெக்டர், பல்ப்பு எல்லாம் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிக்கும், இந்த வேலைல எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் அது.

இனிமேதான் அசல் வேல.

கோட்டிங்ல நாலஞ்சு வகை இருக்கு. வேக்ஸ், சீலன்ட் எல்லாம் சில வாரம் சில மாசம்தான் தாங்கும், திரும்பத் திரும்பப் போட்டுட்டே இருக்கணும். செராமிக் கோட்டிங் தண்ணி ஒட்டாம பண்ணும், ஆனா ரொம்ப மெலிசு, புற ஊதாவுக்கு அத மட்டும் நம்ப முடியாது. ரொம்ப நாள் உழைக்கிறது ஹார்டனர் (கெட்டியாக்குற திரவம்) கலக்குற டூ-கே கிளியர் கோட், வண்டி பெயிண்டுக்கு மேல அடிக்கிறாங்களே அதே வகை. ஆனா அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, அது நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல், ஆஸ்துமா வர வைக்கும், நம்ம போடுற துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ எதுவும் அதத் தடுக்காது. கொழந்தைங்க இருக்குற வீட்டுல, சரியான பாதுகாப்பு இல்லாம அத அடிக்காதீங்க, அதுக்குன்னு வசதி இருக்குற பெயிண்டர்கிட்ட குடுங்க. தேச்சு வச்சுட்டு கோட்டிங்குக்கு மட்டும் அவர்கிட்ட எடுத்துட்டுப் போனாலும் போதும், அப்படிப் பண்றதா இருந்தா 3000 வரைக்கும் போக வேண்டாம், 800, 1000லயே நிறுத்தணும், கிளியர் கோட் புடிச்சுக்க கொஞ்சம் சொரசொரப்பு வேணும், மிச்சக் கீறல அதுவே நெரப்பிக்கும். கோட்டிங் போட மனசில்லாதவங்களுக்கு பெயிண்ட் ப்ரொடெக்ஷன் ஃபிலிம், அதாவது வண்டி மேல ஒட்டுற தெளிவான பிளாஸ்டிக் தாள், ஒட்டுறதும் நல்ல வழிதான், மஞ்சளானா உரிச்சுட்டு வேற ஒட்டிக்கலாம்.

நான் எடுத்தது துணில நனைச்சு துடைக்கிற வகை, ஹெட்லைட்டுக்குன்னே வர்றது, லேபிள்ல யூவி பாதுகாப்புன்னு தெளிவா போட்டிருந்துச்சு. காம்பவுண்ட்ல எண்ணெய்ப் பசை இருக்கும், அது மிச்சம் இருந்தா கோட்டிங் ஒட்டாம உரிஞ்சு வந்துரும், அதனால தண்ணி கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல ரெண்டு தடவ தொடச்சு, அதுக்கப்புறம் லென்ஸ விரலால தொடவே இல்ல. இடுக்குல நிக்கிற தண்ணி கடைசி நேரத்துல வழிஞ்சு வரும், அதனால நனைஞ்ச பழைய டேப்ப எடுத்துட்டு புது டேப் ஒட்டுனேன். மேல இருந்து கீழ, ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் ஒரே இழுப்பு, அடுத்த இழுப்பு அதோட ஓரத்துல கொஞ்சம் ஏறி வர்ற மாதிரி. ஒரு எடம் விட்டுப் போச்சேன்னு திரும்பி வந்து தொட்டீங்கன்னா, அதுக்குள்ள பாதி காஞ்சிருக்கும், கோடு விழுந்துரும். விட்டுப் போனா போகட்டும், ரெண்டாவது கோட்ல பாத்துக்கலாம். மழை ஈரம் இருக்குற நாள்ல, தூசிக் காத்து அடிக்கிறப்ப இத பண்ணாதீங்க. போட்டு முடிச்சு ஒரு நாள் பூரா தண்ணி படாம வண்டிய அப்படியே விட்டுட்டேன்.

மறுநாள் ராத்திரி அதே செவுரு. அப்பாவ கூப்பிட்டு டிரைவர் சீட்ல உக்கார வச்சு லைட் போடச் சொன்னேன். செவுத்துல அந்தக் கோடு, ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி. அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, ஹை பீம் போட்டாரு, எறக்குனாரு, திரும்பப் போட்டாரு. "வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்"ன்னாரு. அன்னைக்கு அவருதான் ஓட்டுனாரு, இன்னைக்கு வரைக்கும் ராத்திரில அவருதான் ஓட்டுறாரு.

பல பேரு லைட் பத்தலன்னதும் நேரா எல்இடி பல்ப் வாங்கி மாட்டிர்றாங்க. மங்கலான லென்ஸுக்குப் பின்னாடி எவ்ளோ பெரிய பல்ப் போட்டாலும் செதறுற வெளிச்சம்தான் கூடும், அதுவும் ஹாலஜனுக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டர்ல எல்இடி மாட்டுனா வெளிச்சம் குவியிற எடமே மாறிப் போயிரும், எதிர்ல பைக்ல வர்றவருக்கு ஒரு நிமிஷம் ரோடே தெரியாது. மொதல்ல லென்ஸ சரி பண்ணுங்க. அதுக்கப்புறமும் கம்மியா இருந்தா பழைய ஹாலஜன் பல்ப்ப அதே வாட்ஸ்ல புதுசா மாத்துங்க, ஒண்ண மட்டும் மாத்தாம ஜோடியா மாத்துங்க, மாத்தும்போது பல்ப்போட கண்ணாடில கை படக் கூடாது, விரல்ல இருக்குற எண்ணெய் ஒட்டுன எடம் மட்டும் அதிகமா சூடாகி பல்ப் சீக்கிரம் போயிரும்.

இப்ப ஒண்ணரை வருஷம் ஆகப் போகுது. இடது லைட் இன்னும் அப்படியே இருக்கு. வலது லைட்டோட மேல் ஓரத்துல, அன்னைக்கு 400 போட்ட அதே எடத்துல, போன வாரம் கழுவும்போது லேசா ஒரு மங்கல் பாத்தேன், தண்ணி ஊத்துனா மறையுது, அப்ப கோட்டிங்தான் தேஞ்சிருக்கு, பிளாஸ்டிக் இன்னும் கெடல. மஞ்சள் ஏறுற வரைக்கும் விடப் போறதில்ல. 2000 பேப்பர் ஒண்ணு, டேப் ஒரு ரோல், அந்தக் கோட்டிங் ஒரு பாக்கெட் வாங்கி வச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கெழம மழை இல்லன்னா காலைல அப்பாவும் நானும் உக்காந்துருவோம், ஸ்ப்ரே பாட்டில் அவரு கைலதான்.